ஆறிப்போன கொழுக்கட்டை

என் மகள் முதன்முதலாக நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கடையானாலும் கல்யாண வீடானாலும் நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவேன். யாராவது ஏதாவது கேட்டால் சிரித்து வைப்பேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஏழு மாதம். என் கணவர் வேலை பார்த்த ஆலையை அந்த வருஷம்தான் மூடினார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை நான் போகிறேன் என்று கிளம்பினேன். அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. குத்தகைக்கு நிலம் பிடித்து நடவு, அறுப்பு என்று இறங்கிவிட்டார். என் வேலை அப்படியே நின்றுவிட்டது.

வரிச்சிக்குடியில் எங்களுக்கும் என் கணவரின் அண்ணனுக்கும் ஒரே வாசல். இரண்டு வீடு, நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரு முருங்கை மரம். குழந்தையை என் ஓரகத்தி பார்த்துக்கொண்டாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது குழந்தையை அவள் இடுப்பில் மாற்றிவிட்டுப் போவேன். சாயங்காலம் அதே இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்வேன். நான் இல்லாத அந்தப் பத்து மணி நேரத்தில் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தாள்.

முதல் பல் முளைத்ததை அக்காதான் பார்த்தாள். டம்ளர் விளிம்பில் டக்கென்று சத்தம் கேட்டதாம். முதலில் 'காக்கா' என்று சொன்னதும் அவளிடம்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அக்கா சொன்னாள்.

"இன்னைக்கு ஓம் மவ படி தாண்டிட்டாடி. தவழ்ந்துக்கிட்டே போயி, கதவுப் படியில ஏறி, அந்தப் பக்கம் குப்புற விழுந்து, அழாம என்னையத் திரும்பிப் பாக்குறா!"

செருப்போடேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தையை அவள் இடுப்பில் கொடுக்கும்போது சொன்னேன். என்னைப் போன்றவர்கள் எப்போதோ ஒரு தடவைதான் அழுத்திப் பேசுவோம். அது அந்த மாதிரி ஒரு தடவை.

"அக்கா, இவ நடக்குறதையும் நான் பாக்கலைன்னா அன்னைக்கே வேலைய விட்டுடுவேன். கஞ்சி குடிச்சாலும் பரவால்ல. அம்பகரத்தூர் அம்மன் மேல ஆணை."

"சரி போ, பஸ்ஸு வந்துரும்," என்றாள் அக்கா.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் கடையில் பயந்துகொண்டே இருந்தேன். புடவையின் விலைச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நிமிஷம் நடந்திருப்பாளோ, இந்த நிமிஷம் நடந்திருப்பாளோ என்று இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அக்காவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்த நாள் வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன், என் கணவர் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படியெல்லாம் வருகிற ஆள் இல்லை. மழை பெய்தாலும் நான் நனைந்துகொண்டுதான் வருவேன். அன்றைக்கு வந்திருந்தார். "உக்காரு," என்றார். வழியில் டீக்கடையில் நிறுத்தி ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினார். நிதானமாக வாங்கினார். எனக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

முற்றத்தில் குழந்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா பக்கத்தில் குந்தியிருந்தாள். "யாரு வந்துருக்கா பாரு," என்றாள். குழந்தை என்னைப் பார்த்தாள். நாற்காலியை விட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள், தலையில் ஏதோ பானை இருப்பதுபோல. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தாள். கன்னத்தில் ஒரு முருங்கைப் பூ ஒட்டியிருந்தது. அது விழுமோ விழாதோ என்று நான் அதைப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கடைசி அடியில், மண்டியிட்டிருந்த என் வயிற்றில் வந்து முகத்தை முட்டிக்கொண்டாள். பஸ் கூட்டத்தில் கசங்கிய புடவை. அதில் அவளுடைய எச்சில் ஈரம்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தானாக நடந்தால் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் பிடிகொழுக்கட்டை அவிப்பார்கள். ஒன்றைக் குழந்தையின் காலடியில் உருட்டிவிட்டு, மற்றதைத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும். அன்றைக்கும் தட்டு வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டன. நானும் ஒன்று எடுத்துக் கடித்தேன். ஆறியிருந்தது. ஓரம் கொஞ்சம் விறைத்திருந்தது. ஆனாலும் அவ்வளவு இனிப்பாக இருந்தது எனக்கு.

குழந்தை நடந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாவு பிசைந்து, பிடித்து, அவித்து, ஆறவும் வைத்த கொழுக்கட்டை எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் கொழுக்கட்டை அவிக்கிறவள்தான். மாவு வேகவே எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவள்தான். ஆனாலும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. அம்மன் என்னைப் போய்வா என்று அனுப்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நமக்கென்று உள்ள நிமிஷம் நாம் வந்து சேரும்வரை எங்கேயும் போகாது என்று நம்பினேன். மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தபோது நாலாவது மாதமே வேலைக்குப் போனேன். அவன் எப்போது நடந்தான் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வந்தேன், நடந்துகொண்டிருந்தான். நான் அழவில்லை. கேட்கவும் இல்லை. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது கல்யாண ஜவுளிக் கூட்டம். மகன் சைக்கிள் ஓட்டப் பழகியது தீபாவளிக் கூட்டம். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டம் கடையில் இருந்தது.

கடைக்கு வேலைக்கு வருகிற சின்னப் பெண்கள் சிலர் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருவார்கள். மத்தியானம் மாடியில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய், பால் கட்டி நனைந்த ரவிக்கையோடு உட்கார்ந்து அழுவார்கள். நான் பக்கத்தில் போய் உட்காருவேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் என் கதையைச் சொல்வேன். பஸ் நின்ற இடத்திலிருந்து கன்னத்தில் ஒட்டிய முருங்கைப் பூ வரை சொல்வேன். "நமக்குன்னு உள்ளது நமக்காக நிக்கும். அழாத," என்று முடிப்பேன். அந்த மாசத்தோடு நின்றுவிடுகிறேன் என்று சொன்ன ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு நிற்காமல் இருந்தாள். இப்போதும் எங்கள் கடையில்தான் இருக்கிறாள்.

இந்த வருஷம் மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் அது. திருவிழாக் கூட்டத்துக்கு விடாமல் வேலை செய்ததற்குப் பதிலாக எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தார்கள். நல்ல வெயில். முற்றத்து மூலையில் மாம்பழத் தோலும் கொட்டையும் கிடந்து ஈ மொய்த்தது.

அக்காவுக்கு இப்போது பேத்தி. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். குழந்தைக்குப் பதினோரு மாதம். பகலெல்லாம் அக்காவின் இடுப்பில்தான். அதே இடுப்பு.

நான் போனபோது எதிர்வீட்டு அத்தாச்சியும் அங்கே உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வயது எழுபதை நெருங்குகிறது, வாய் மட்டும் இருபதில் நிற்கிறது. முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையை விட்டது, பிடித்தது, மறுபடியும் விட்டது.

"இன்னைக்கு நடந்துருவாடி இவ," என்றார் அத்தாச்சி. "வீட்ல மாவு இருக்கா? இருந்தா மத்தியானத்துக்குள்ள அவிச்சுரு. சாயங்காலத்துக்குத் தனியா ஒரு தட்டு எடுத்து மூடி வச்சுரு. ஒனக்குத்தான் அதெல்லாம் பழக்கமாச்சே."

"அத்தாச்சி, கீரையப் பாருங்க. காம்போட போடுறீங்க," என்றாள் அக்கா.

"காம்பு கெடக்கட்டும்." அத்தாச்சி என் பக்கம் திரும்பினார். "ஓம் மவ நடந்த அன்னைக்கு எம் பேரப்புள்ளைவோ பண்ணுன கூத்து இருக்கே! மத்தியானமே ஆளுக்கு ரெண்டு கொழுக்கட்டை தின்னாச்சு. சாயங்காலம் நீ வந்தோன்ன, வாயத் தொடச்சிக்கிட்டு, ஒன்னுந் தெரியாததுவோ மாதிரி வந்து மறுபடியும் கை நீட்டுச்சுவோ. சின்னவன் மட்டும் ஒளறிருவானோன்னு நான் பின்னாலேர்ந்து கிள்ளிக்கிட்டே நின்னேன். சினிமாவுல சேத்துருக்கலாம் எல்லாத்தையும்!"

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் நிறுத்தினார்.

"ஏன்டி," என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார், "இவளுக்கு இன்னுமா தெரியாது? நான் எப்பவோ சொல்லிருப்பேன்னுல்ல நெனச்சேன்."

அக்கா கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். நாற்காலிக்கு முதுகு காட்டி அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"மத்தியானமேவா அக்கா?"

"இப்ப என்னாத்துக்குடி அது?"

"மத்தியானமே நடந்துட்டாளா?"

"ஆமா. சோறு வடிக்கிற நேரம்."

"எங்க நடந்தா? எங்கேர்ந்து எங்க?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? அடுப்படியிலயோ கொல்லையிலயோ. அடுப்புல ஒல கொதிக்கிது, கையில கஞ்சி. பாத்தேன், நடந்தா. அவ்ளோதான்."

எனக்கு அந்தப் பதிலைத்தான் தாங்க முடியவில்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்றால்கூட அதை அவள் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா? அடுப்படியா, கொல்லையா? கையைத் தூக்கிக்கொண்டாளா, இல்லையா? ஏதாவது பூ இருந்ததா? அதைப் பார்த்த ஒரே ஆள் இவள். இவளுக்கே நினைவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"நீதான் சத்தியம் பண்ணிட்டியே. சொன்னா மறுநாள் பஸ் ஏறிருப்பியா? வீட்ல அப்ப என்ன நெலம? நான் சொல்லிருவோம்னுதான் பாத்தேன். தம்பிதான் வேண்டாம்னுச்சு..."

தம்பி என்று அவள் சொல்வது என் கணவரை.

"அவரா சொன்னாரு?"

"தம்பிதான், நான் போயி பஸ் ஸ்டாப்புலேர்ந்து கூட்டியாறேன், நீங்க புள்ளைய நாக்காலிகிட்ட நிக்க வைங்க, கொஞ்சம் மெதுவா வாறேன்னு..."

பிஸ்கட். அவர் நிதானமாக வாங்கிய அந்தப் பொட்டலம். "அன்னைக்குத்தான் எனக்காக ஒரு நாள் வந்தாருன்னு..." என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அக்காவின் கண் என் முகத்தை விட்டு என் தோளுக்குப் பின்னால் போனது. அத்தாச்சி "ஏ பாரு பாரு பாரு!" என்று கத்தினார்.

நான் திரும்பினேன். குழந்தை முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு கீரைக் காம்பு. நாற்காலி ஐந்தாறு அடி தள்ளி நின்றது.

"நடந்துட்டாடி! ஒரு கையி காத்துல, ஒரு கையி..." அத்தாச்சிக்கு மூச்சு வாங்கியது. அக்கா குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். எனக்கு எட்டுகிற தூரத்தில், என் முதுகுக்குப் பின்னால், அது நடந்திருந்தது. அன்றைக்கு எனக்கு லீவு. எந்த பஸ்ஸும் இல்லை, எந்தக் கூட்டமும் இல்லை. நான் அங்கேதான் இருந்தேன்.

குழந்தையை இறக்கிவிட்டதும் அக்கா முதலில் சொன்னது இதுதான்.

"மருமவகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. போன வாரந்தான் இவளும் ஆரம்பிச்சா, வேலைய விட்டுரலாமான்னு இருக்கு அத்தைன்னு. அஞ்சரைக்கு வருவா. வந்தோன்ன நாக்காலிகிட்ட நிக்க வச்சா நடந்துரும்." பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கி, "நீ மாவப் பெசையேன். ஓம் பிடிதான் ஒடையாம நிக்கும்."

நான் பிசைந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லிப் பழகியவள் இல்லை. வெல்லப் பாகை ஊற்றி, தேங்காயைப் போட்டு, சூட்டோடு பிசைந்தேன். கை பொறுக்கவில்லை, ஆனாலும் எடுக்கவில்லை. பிடிகொழுக்கட்டையில் பிடித்தவளின் விரல் அப்படியே பதியும். நாலு விரல், நாலு பள்ளம். ஒவ்வொன்றாகப் பிடித்து இட்லித் தட்டில் வைத்தேன். தெருப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு ஓடின. ஒரு தட்டை அக்கா எடுத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அலமாரியில் வைத்தாள். பழக்கப்பட்ட கை. எந்தத் தட்டு, எந்தக் கிண்ணம் என்று யோசிக்கக்கூட இல்லை.

நாலு மணிக்கு என் கணவர் வயலிலிருந்து வந்தார். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னைக்கு?"

"நீங்க ஒரு நாள்தான் வந்துருக்கீங்க."

அவர் தண்ணீரை நிறுத்தினார். "அண்ணி சொல்லிட்டாங்களா?"

"நீங்கதான் சொன்னீங்களாமே, வேண்டாம்னு."

"அன்னைக்கு நீ எவ்ளோ சந்தோசமா இருந்த! ராத்திரி தூங்கவே இல்ல. அந்தச் சந்தோசத்த எதுக்குக் கெடுக்கணும்?"

"நான் சந்தோசத்தக் கேக்கலீங்க. எனக்குச் சொல்லிருக்கணும்."

"சொன்னா நீ நின்னுருப்ப."

"நின்னுருப்பேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவர் சிரித்தால் நானும் சிரித்துவிடுவது வழக்கம். "இப்ப என்ன, அவ காலேஜுக்குப் போறா. நடக்காமயா போறா?"

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் அவர் அன்று வண்டியை நிறுத்தியிருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையிலேயே நல்ல இடம் என்று அதைத்தான் வைத்திருந்தேன். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். இப்போது பக்கத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. எதிரில் வயலில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த டீக்கடை இப்போது இல்லை.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பஸ் வந்தது. மருமகள் இறங்கினாள். தோளில் பை, கையில் காலி டப்பா. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன சின்னத்தை? பாப்பாவுக்கு என்ன?"

"ஒன்னும் இல்லம்மா. நல்லாருக்கா." பஸ் போகும்வரை நின்றோம். பிறகு சொன்னேன். "காலையிலயே நடந்துட்டா. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு பேசி வச்சுருக்காங்க. நீ போனோன்ன, புதுசா நடக்குற மாதிரி நடக்க வைப்பாங்க. எனக்கும் அப்படித்தான் பண்ணுனாங்க. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு இருக்கும்."

"பதினொன்னுக்கு ஒரு பெரியவருக்கு நரம்பே கெடைக்கல. ரெண்டு கையும் தேடிக்கிட்டு இருந்தேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எப்படி நடந்தா சின்னத்தை? எங்கேர்ந்து எங்க?"

நான் அக்காவிடம் கேட்ட அதே கேள்வி.

"நாக்காலியிலேர்ந்து மொறத்துக்கு," என்றேன். "நான் பாக்கலம்மா."

"நீங்க அங்க இல்லையா?"

"இருந்தேன். திரும்பி உக்காந்துருந்தேன். பழசு ஒன்னப் பேசிக்கிட்டு இருந்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்களாச்சும் பாத்துருக்கலாம்ல," என்றாள்.

நான் என்ன சொல்வது? என்னை ஏமாற்றியதைத் தோண்டிக்கொண்டிருந்தேன் என்றா? நாங்கள் நடந்தோம். வாசல் தெரிகிற இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அத்தை தட்டு எடுத்து மூடி வச்சுருக்காங்களா?"

"வச்சுருக்காங்க."

"நீங்க சொன்னத நான் காட்டிக்கல. நாள் பூரா அவங்கதான் தூக்கிச் சொமக்குறாங்க. வேலைய விடுறதா இருந்தா நானே யோசிச்சு விடுறேன். இதுக்காக வேணாம்." முந்தானையை இழுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா கஷ்டமா இருக்கு சின்னத்தை."

முற்றத்தில் எல்லாம் தயாராக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை, பக்கத்தில் குந்தியிருக்கும் அக்கா. முறத்தை எடுத்துவிட்டார்கள். அத்தாச்சி ஒன்றும் தெரியாதவர்போல வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இவள் நம்புகிறாளா, நம்பிவிட்டாளா என்று. பதினேழு வருஷத்துக்குப் பிறகும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"யாரு வந்துருக்கா பாரு," என்றாள் அக்கா. அதே வார்த்தை.

மருமகள் பையைப் போட்டுவிட்டு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. நாற்காலியை விட்டது.

இந்தத் தடவை நான் பார்த்தேன். வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தது. வலது கை காற்றில், இடது கை தன் சட்டையையே பிடித்துக்கொண்டிருந்தது, அதுதான் பிடிமானம் என்பதுபோல. நடுவில் ஒரு மாங்கொட்டை கிடந்தது. அதைப் பார்த்து நின்றது. ஆடியது. அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசி இரண்டு அடி ஓட்டம். அம்மாவின் கழுத்தில் வந்து விழுந்தது.

மருமகள் அழுதாள், சிரித்தாள். அது நடிப்பு இல்லை. எனக்கு அது தெரியும். இரண்டாவது நடை என்று தெரிந்தும் அவளுக்கு அப்படி இருந்தது. எனக்கு அது தெரியாமல் இருந்தது. அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் சின்னது இல்லை. அவள் எல்லாம் தெரிந்துகொண்டு, தன் காலால் நடந்து, அந்த முற்றத்துக்குள் வந்தாள். என்னை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கும் யாராவது ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லியிருந்தால், நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேனோ என்னவோ. மறுநாளும் பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ. வீட்டின் நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் அது நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும். என் மகன் நடந்ததையாவது ஒரு நாள் லீவு போட்டுக் காத்திருந்து பார்த்திருப்பேன். மாடியில் அழுத பெண்களிடம் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்கா உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தாள். கிண்ணத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒன்றைக் குழந்தையின் காலடியில் உருட்டினாள். மருமகள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் கடிக்கவேண்டியிருந்தது.

"சூடா இருக்கு அத்தை," என்றாள்.

சொல்லிவிட்டு அக்காவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியையும் நான் பதினேழு வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருப்பேன், தெரியாமல்.

என் கணவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கடி. நீ புடிச்சதுதானே."

ஒன்றை எடுத்தேன். மத்தியானம் பதிந்த பள்ளங்களில் என் விரல்கள் சரியாக உட்கார்ந்தன. கடித்தேன். ஓரம் விறைத்திருந்தது. அதே ருசி. மென்று விழுங்கும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தாள். நான் வழக்கம்போல நல்லாருக்கு என்று சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள்.

"ஆறிப்போச்சு அக்கா," என்றேன். "அன்னைக்கும் ஆறித்தான் இருந்துச்சு."

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை மறுபடியும் எழுந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.